அரைப்பேர்

கூடலூர், நீலகிரி
6-7-2025, ஞாயிறு

பாப்பாவுக்கு,

அங்கே மழை எப்படி? இங்கே மூன்று வாரமாக விடவில்லை. மாடியில் போட்ட துணியை எடுத்துச் சமையலறைக் கொடியில் போட்டு, அங்கேயும் காயாமல், உன் அப்பா இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்தே காயவைத்துக்கொண்டிருக்கிறார். கரண்ட் பில் வரட்டும், அப்போது பேசிக்கொள்கிறேன்.

நீ வியாழக்கிழமை ராத்திரி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஏழு நிமிஷம் ஓடுகிறது. மூன்று தடவை கேட்டுவிட்டேன். முதல் தடவை அப்பாவோடு உட்கார்ந்து. இரண்டாவது தடவை அவருக்குத் தெரியாமல் அடுப்படியில். மூன்றாவது தடவை கையில் பேனாவோடு. பதிலுக்கு நானும் அந்த மைக் பொம்மையை அமுக்கிப் பேசிப் பார்த்தேன். "பாப்பா, நான் என்ன சொல்றேன்னா" வரைக்கும் நன்றாகத்தான் போனது. அப்புறம் குக்கர் விசில், பக்கத்து வீட்டு நாய், "யார்ட்ட பேசறே" என்று உன் அப்பா. அழித்துவிட்டுத் தாளை எடுத்தேன். 32 வருஷம் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் 'வெளியூரில் இருக்கும் தோழிக்குக் கடிதம்' எழுதச் சொல்லிக்கொடுத்தவள், சொந்த மகளுக்கு ஒரு கடிதம் எழுதியதில்லை. நீ ஹாஸ்டலுக்குப் போவதற்குள் கைக்குப் போன் வந்துவிட்டது.

நீ சொன்னதில் எரிச்சலைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது இவ்வளவுதான். 'என் ஊர்' என்று கட்டுரை கொடுத்தால் உன் வகுப்பில் 38 பிள்ளைகளும் ஒரே கட்டுரையை எழுதுகின்றன. ராத்திரி பதினொரு மணிவரை சிவப்புப் பேனாவோடு மல்லுக்கட்டியும் நோட்டுகள் தேறவில்லை. அந்த அஸ்ஸாம் ஊரும் உனக்கு ஒட்டவில்லை. மாறுதல் எப்போது கேட்கலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாய். போகிற போக்கில், ஐந்தாவது நிமிஷத்தில், ஒரு பையன் எழுதிய ஒரு சொல்லைச் சொல்லிச் சிரித்தாய். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் சேரம்பாடிப் பக்கம் வேலைக்கு வந்த கதை உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். உனக்குத் தெரிந்தது அட்டை கடித்த கதையும் பஸ்ஸில் வாந்தி எடுத்த கதையும்தான். விருந்தாளி வந்தால் அப்பா சொல்லுவாரே, அது. அவர் சொல்லாததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவருக்கே பாதிதான் தெரியும்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஆறு வருஷம் காத்திருந்து, 1991 ஜூலையில் உத்தரவு வந்தது. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த உன் அப்பாவைக் கோவில்பட்டியிலேயே விட்டுவிட்டு ஒரு டிரங்குப் பெட்டியோடு கிளம்பினேன். மதுரை, கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம், ஊட்டி, நடுவட்டம் இறங்கிக் கூடலூர், அங்கிருந்து பந்தலூர் தாண்டி சேரம்பாடி. கரிசலில் பிறந்தவளுக்கு மழை என்றால் வானத்தைப் பார்த்துக் காத்துக்கிடக்கிற ஒன்று. இங்கே அது வாடகைக்குக் குடிவந்தது மாதிரி வீட்டுக்குள்ளேயே இருந்தது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் கோவில்பட்டிப் பக்கம் வருஷம் முழுக்கப் பெய்ததைக் கூட்டினாலும் அவ்வளவு தேறாத வருஷங்கள் நிறைய உண்டு. வந்த முதல் வாரமே மாறுதல் விண்ணப்பம் எழுதிவிட்டேன். தேதி மட்டும் போடாமல் பெட்டிக்குள் சேலைக்கு அடியில் வைத்திருந்தேன். ஆகையால் நீ நாள் எண்ணுவதைப் பார்த்து நான் உபதேசம் பண்ண முடியாது.

பள்ளிக்கூடம் தகரக் கூரை. ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் தமிழ் நான்தான். செய்யுளை ராகம் போட்டுச் சொல்லிக்கொடுப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஊரில் என் குரல் தெருமுனை வரைக்கும் போகும். இங்கே மூன்றாவது பெஞ்சுக்குப் போகவில்லை. தகரத்தில் மழை அடித்தால் பக்கத்தில் நிற்பவர் வாய் அசைவதுதான் தெரியும். சாக்பீஸ் ஈரம் ஊறிப் பலகையில் வழுக்கும். அதைச் சத்துணவு அடுப்பு ஓரத்தில் வைத்து உலர்த்தி, முந்தானையில் முடிந்து கொண்டுவந்து தருவார் ஆயா. அந்த உலர்ந்த சாக்பீஸால் ஒரு கேள்வியைப் பலகையில் எழுதிப்போடுவேன். பிள்ளைகள் பதிலை எழுதி எழுந்துவந்து காட்டும். நான் அதற்குக் கீழே ஒரு கேள்வி எழுதித் திருப்பிக்கொடுப்பேன். பேச்சே இல்லாமல் நாற்பது நிமிஷம். அதற்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'மழை பீரியட்'. வகுப்பு சத்தம் போடாமல் இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடுதான். பெரிய கற்பித்தல் முறை என்று நினைத்துவிடாதே.

அப்படி ஒரு மழை பீரியடில்தான் ஆறாம் வகுப்புக்கு 'எங்கள் ஊர்' என்று தலைப்புக் கொடுத்தேன். 31 கட்டுரை ஏடுகள் வந்தன. "எங்கள் ஊர் இயற்கை எழில் கொஞ்சும் சிற்றூர். ஊரைச் சுற்றிலும் பச்சைப் பசேலென நெல்வயல்கள். ஏரியில் தாமரை பூத்துக் குலுங்கும்." சேரம்பாடியில் ஏது ஏரி? சன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டிய மட்டும் தேயிலை. ஒரு பிள்ளைகூட அந்தச் செடியின் பேரை எழுதவில்லை. நோட்ஸில் நெல்வயல்தானே இருந்தது! நானும் கூசாமல் ஏழு, எட்டு என்று மார்க் போட்டேன். முன்னுரை, முடிவுரை, நடுவில் ஒரு திருக்குறள் எல்லாம் சரியாக இருந்ததே.

கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் மட்டும் ஆறு வரி எழுதியிருந்தான். இன்றைக்கும் எனக்கு அது மனப்பாடம்.

"எங்க ஊரு தோட்டம். லயத்தில் பத்து காம்பரா. எங்க காம்பரா தொங்கல். நேற்று மழைக்கு கொழுந்து இல்லை. அம்மாவுக்கு அரைப்பேர். ராத்திரி ரொட்டி."

நான் செய்த காரியத்தைக் கேள். லயத்தின் மேல் ஒரு வட்டம். காம்பராவை அடித்து, 'அறை என்று எழுதுக'. தொங்கலுக்குப் பக்கத்தில் 'பொருந்தாச் சொல்'. அரைப்பேருக்கு நேரே ஒரு பெரிய கேள்விக்குறி: 'பெயர் எப்படி அரையாகும்? சிந்தித்து எழுதுக.' பத்துக்கு இரண்டு.

அடுத்த கட்டுரையில் அவனும் ஏரியில் தாமரை பூக்க வைத்துவிட்டான். ஆறு மார்க் போட்டேன்.

தீபாவளி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்ணெண்ணெய் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். ஒரு கிழவி என் குடைக்குள் வந்து நின்று, "டீச்சரம்மா, ஒரு கடுதாசி வாசிக்கணும். பேரனுக்கு ஓடல்லங்கறான்" என்றாள். கூடவே போனேன். தோட்டத்து வரிசை வீடுகள், அதுதான் லயம். அதன் கோடியில் தொங்கல் காம்பரா. அந்தப் பையன் வீடுதான். அவனுடைய அப்பாயி.

முன்பக்கம் ஒரு சின்னத் திண்ணை. அதை அவர்கள் இஸ்தோப்பு என்றார்கள். ஒரு சாக்கை விரித்து உட்காரவைத்து, பால் விடாத சாயத்தண்ணி ஒரு டம்ளர் கொடுத்தாள். சீனியை டம்ளரில் போடவில்லை. என் உள்ளங்கையில் வைத்தாள். அதை நாக்கால் தொட்டுத் தொட்டுத் தண்ணியைக் குடிக்க வேண்டும். எனக்குத் தெரியாமல் மொத்தச் சீனியையும் வாயில் போட்டுக்கொண்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் இன்னும் கொஞ்சம் வைத்தாள்.

கடிதம் இலங்கையில் பதுளையிலிருந்து, அவளுடைய மகள் எழுதியது. பிரித்ததுமே பேரன் ஏன் முழித்தான் என்று தெரிந்துவிட்டது. எழுதியவள் பழைய எழுத்துக்காரி. முன்னால் தும்பிக்கை வைத்த லை, ளை, னை. கீழே சுழித்து வளைகிற றா, னா. 1978ல் தமிழ்நாட்டு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று அந்தப் பதின்மூன்று எழுத்துகளை மாற்றியபோது எனக்கு வயது 15. கை அதற்குள் பழகிப்போய்விட்டது. பரீட்சைத் தாளில் புதுசு, வீட்டுக் கடிதத்தில் பழசு என்று வெகுகாலம் இரண்டையும் எழுதியிருக்கிறேன். பையனோ புதுசு மட்டும் படித்தவன். "ஒண்ணும் விளங்கல்ல டீச்சர், எல்லா வரியிலயும் யானை நிக்குது" என்றான். என் அம்மா கோவில்பட்டியிலிருந்து எனக்கு மாதம் ஒரு கடிதம் போடுவாள். அதிலும் இதே யானைகள்தான். கையெழுத்தின் சாய்வுகூட ஒன்று போலவே இருந்தது.

மகள் ஏன் அங்கே, நீங்கள் ஏன் இங்கே என்று அப்பாயியிடம் கேட்டேன். பி.எட். முடித்தவள் கேட்கிற கேள்வியா அது! 1964 அக்டோபரில் டில்லியில் இரண்டு நாட்டுப் பிரதமர்கள், சாஸ்திரியும் சிறிமாவோவும், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்: இலங்கையில் குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்க்கலாம். 1974ல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்த எண்களை நான் பிறகு தேடிப் படித்தேன். அப்பாயி சொன்னது ஒரே வரி: "நாங்க இந்தியாவுக்கு எழுதிக் குடுத்தோம், மருமகன் வீட்டாளுக சிலோனுக்கு எழுதிக் குடுத்தாக." எழுதிக் கொடுப்பது என்றால் எனக்குப் பள்ளிக்கூட வேலை. அவளுக்கு, மகள் ஒரு கரையிலும் தான் ஒரு கரையிலும் நிற்பது. பதுளையில் கோச்சி என்கிற ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து இந்த மலை. இவர்களைக் குடியமர்த்தத்தான் 1968ல் அரசாங்கம் நீலகிரியில் தேயிலை போட ஆரம்பித்தது. நீ பஸ் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே காலேஜுக்குப் போன டேன்டீ தோட்டங்கள் அவைதான்.

பேச்சுவாக்கில் அப்பாயி, "நேத்து இவளுக்கு அரைப்பேரு" என்று மருமகளைக் காட்டினாள். அப்படி என்றால் என்ன என்று கேட்டேன். பெண்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள், டீச்சருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று. பையன் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கணக்கப்பிள்ளை செக்ரோல் என்கிற பதிவேட்டில் பேர் போட்டால்தான் அன்றைய கூலி. கொழுந்து எடை குறைந்தாலோ மழையில் வேலை பாதியில் நின்றாலோ பாதிக் கூலி. அது அரைப்பேர். பெயர் அரையாவது அப்படித்தான்.

பதில் எழுதித் தரச் சொன்னாள். வழக்கம் போல 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். "என்ன எழுதுனீங்க, வாசிங்க" என்றாள். வாசித்தேன். "அதெல்லாம் வேணாம் டீச்சரம்மா. மொதல்ல அங்கன மழை எப்பிடின்னு கேளுங்க. மழை அளவா பேஞ்சா கொழுந்து இருக்கும். கொழுந்து இருந்தா பேரு விழும். பேரு விழுந்தா புள்ளைகளுக்குப் பாண் வாங்குவா. மத்ததெல்லாம் அதுலயே தெரிஞ்சிரும்." அடித்துவிட்டு, அவள் சொன்னபடி எழுதினேன். கல்லூரியில் மூன்று வருஷம் தமிழ் படித்ததில் யாரும் எனக்கு ஒரு கட்டுரையை எங்கே தொடங்குவது என்று இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித்தந்ததில்லை.

மறுநாள் பையனின் ஏட்டை வாங்கினேன். சிவப்பு மையை பிளேடால் சுரண்டிப் பார்த்தேன். ஈரத் தாள், கிழிந்துவிட்டது. கிழிசலில் வெள்ளைத் தாள் ஒட்டி, 'எனக்குத் தெரியாத சொல். உன்னிடம் கற்றேன்' என்று எழுதி, இரண்டை அடித்து ஒன்பது போட்டேன். அந்த ஒரு மார்க் 'மழைக்கு' என்பதற்குப் பிறகு வரவேண்டிய ஒற்றுக்கு. தமிழ் டீச்சர் என்று ஒருத்தி இருக்கிறாளே, அவளை எங்கே கொண்டுபோய் வைப்பது!

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் கடிதம் வாசிக்கிற நாள் என்று ஆகிப்போனது. லயத்தில் பாதி வீட்டுக்கு அக்கரையில் யாராவது இருந்தார்கள். கொழும்புக் கலவரத்துக்குப் பிறகு கடிதம் நின்றுபோன வீடுகளும் உண்டு; அவர்கள் பழைய கடிதத்தையே கொண்டுவந்து இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லுவார்கள்.

வகுப்பில் ஒரு நோட்டைச் சணலில் கட்டி ஆணியில் தொங்கவிட்டேன். வீட்டில் பேசுகிற சொல்லை யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். தோட்டத்துப் பிள்ளைகள் பெரட்டு, கவ்வாத்து, புள்ளைக் காம்பரா என்று எழுதின. வயநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த மலையாளப் பிள்ளைகள் கப்ப என்று எழுத, ஈரோட்டுப் பக்கத்துப் பையன் அதன் கீழேயே குச்சிக்கிழங்கு என்று எழுதினான். கிழங்கு ஒன்றுதான், ஒரு வாரம் சண்டை ஓடியது. ஒருத்தி பனிமூட்டத்துக்கு 'மஞ்சு' என்று எழுதியிருந்தாள். மலையாளம் என்று அடிக்கப்போன கை நின்றது. மஞ்சு என்றால் மேகம் என்று நானே எத்தனை செய்யுளுக்குப் பொருள் சொல்லியிருக்கிறேன்! ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் நோட்டைப் புரட்டிவிட்டு, "இது எந்தப் பாடத்துல வருது?" என்று கேட்டார். எங்கள் தலைமையாசிரியர் முகத்தை மாற்றாமல், "சொல்வளப் பயிற்சி சார்" என்றார். அவரும் எழுதிக்கொண்டு போனார்.

மழை பீரியடில் பிள்ளைகளோடு நானும் எழுத ஆரம்பித்தேன். என் ஏட்டைத் திருத்தும் வேலை முறை வைத்து ஒவ்வொருவருக்கும். ஒரு தடவை ஒரு சிறுமி எனக்குப் பத்துக்கு ஐந்து போட்டு, கீழே 'டீச்சர் எப்பவும் கோவில்பட்டி பற்றியே எழுதறீங்க' என்று குறிப்பும் எழுதியிருந்தாள். கோபம் வந்தது. ஏட்டை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். கரிசல், கம்மங்கூழ், கழுகுமலைக் கோயில், எங்கள் தெருக் கிணறு. ஒரு வருஷமாக இங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு, நான் ஏரியில் தாமரை பூக்க வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எல்லாமே இப்படி நன்றாக முடிந்தது என்று நினைக்காதே. ஏழாம் வகுப்பில் பணியர் என்கிற பழங்குடிப் பெண் ஒருத்தி இருந்தாள். வாயைத் திறந்து பேசமாட்டாள். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். குடகில் இஞ்சிக் காட்டு வேலைக்கு அப்பா அம்மாவோடு போய்விட்டு இரண்டு மாதம் கழித்து வந்தாள். வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, "இத்தனை நாள் எங்கே போனே?" என்று கேட்டேன். வருகைப் பதிவேடு கையில் இருந்தது. அந்த எரிச்சல். அவள் நின்றாள், உட்கார்ந்தாள், மறுநாள் வரவில்லை. இரண்டு தடவை அவர்கள் இருப்பிடத்துக்குப் போய்ப் பார்த்தேன். நான் வருவது தெரிந்து வேலிப் பக்கம் போய் ஒளிந்துகொண்டாள். தன் வீட்டுச் சொல் ஒன்றைக்கூட அவள் அந்த ஆணி நோட்டில் எழுதியிருக்கவில்லை. நான் கேட்டதும் இல்லை. பல வருஷம் கழித்துக் கூடலூர் சந்தையில் இடுப்பில் பிள்ளையோடு பார்த்தேன். "டீச்சர்" என்று சிரித்தாள். தக்காளி என்ன விலை என்று கேட்டேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

1996ல் மாறுதலுக்கு வாய்ப்பு வந்தது, கோவில்பட்டிக்குப் பக்கத்திலேயே. நான் போகாததற்கு மலைமேல் பாசம் என்று உன் மாமா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். உண்மையைச் சொல்கிறேன்: அதற்கு முந்தின வருஷம்தான் உன் அப்பா வேலையை விட்டுவிட்டு உன்னையும் தூக்கிக்கொண்டு மேலே வந்து, கடன் வாங்கி ஜெராக்ஸ் மெஷின் போட்டிருந்தார். கடன் அடைய நாலு வருஷம் ஆனது. அதற்குள் அப்பாயி இறந்து, அவளுக்கு வரும் கடிதங்களை நானே வாசித்து நானே பதில் எழுத வேண்டி வந்தது. அப்புறம் கிளம்புகிற பேச்சே எழவில்லை. பாதி கடன், பாதி கடிதம். தேதி போடாத அந்த விண்ணப்பம் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. செல்லரித்துப் போயிருக்கலாம்.

உன்னைக் கோயம்புத்தூரில் விவேக் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டோமே, கன்னியாகுமரியிலிருந்து திப்ருகட் வரைக்கும் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற ரயில், அன்றைக்கு அப்பா பிளாட்பாரத்தில் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்துதான், "அவளும் தேயிலைக்குத்தான் போறா" என்றார். போன புதிதில் நீ எவ்வளவு சொல்லுவாய்! நாலரைக்கு முன்னாலேயே விடிந்துவிடுகிறது, தோட்டத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்து 'பாகான் டைம்' என்கிறார்கள், நம் சித்திரை பிறக்கிற சமயத்தில் அவர்களுக்கு பிஹு. ஏப்ரலுக்குப் பிறகு உன் பேச்சில் ஊரே இல்லை. நோட்டுதான் இருக்கிறது.

பதினொரு மணிவரை திருத்துவதை நிறுத்து என்று சொன்னால் கேட்கமாட்டாய்; என் மகள். ஒன்று செய். வாரத்தில் ஒரு நாள் சிவப்புப் பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. தலைப்புக் கொடுக்காமல் பத்து நிமிஷம் எழுதச் சொல். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்பது போதும். இந்தி, அஸ்ஸாமி, தோட்டத்துப் பேச்சு என்று எதில் வருகிறதோ அதில் ஒன்றிரண்டு சொல் கலந்தாலும் விட்டுவிடு. நீயும் எழுது. உனக்கு மார்க் போட ஒரு பிள்ளையைப் பிடி. எத்தனை மார்க் வந்தது என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

இப்போது அந்த ஐந்தாவது நிமிஷம். "ஒருத்தன் 'பாபாவுக்கு இன்னிக்கு ஹாஜிரா இல்லை'ன்னு எழுதியிருக்கான்மா, அது என்ன கண்றாவியோ, வட்டம் போட்டு கேள்விக்குறி போட்டேன்" என்று சிரித்தாய். அந்த இடத்தைத்தான் நான் அடுப்படியில் நின்று திரும்பத் திரும்பக் கேட்டேன். கோர்ட்டில் 'ஆஜர்' என்கிறோமே, அந்தச் சொல்லாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம். வெள்ளிக்கிழமை கடைக்குப் போய் உட்கார்ந்தேன். இப்போது இங்கே கொழுந்து பறிக்க அஸ்ஸாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள் என்று உனக்குத் தெரியும். அப்பா கடைக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வருகிற பையன் ஒருவன் இருக்கிறான், தமிழ் ஓரளவு பேசுவான். ஹாஜிரா என்றால் என்னப்பா என்று கேட்டேன்.

ஈரக் குடையை மடக்கிக்கொண்டே யோசித்தான். அப்புறம் கல்லாப் பக்கம் கிடந்த பில் புத்தகத்தை இழுத்து, விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டி, "நாள் வேலை, நாள் காசு. பாபு பேரு எழுதுவார்ல ஆன்ட்டி, அது" என்றான். உனக்கு எப்படித் தெரியும் இந்தச் சொல் என்று கேட்டான். என் மகள் அங்கே டீச்சர், அவள் வகுப்புப் பையன் எழுதியிருக்கிறான் என்றேன். முகம் அப்படி மலர்ந்தது. "எந்த பாகான்?" என்றான்.

எனக்குத் தெரியவில்லை. மறுபடி கடைக்கு வருவான், கேட்பான். அந்தப் பையனிடம் தோட்டத்துப் பேர் கேட்டு அதற்குள் சொல். வாய்ஸ் மெசேஜாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அம்மா

பி.கு.: பார்சலில் பருப்புப் பொடி, கடலை மிட்டாய் நாலு பாக்கெட். குடையும் வைக்கிறேன் என்று அப்பா நிற்கிறார். அங்கே குடை கிடைக்காதா என்று கேட்டேன். கூடலூர்க் குடை மாதிரி வராதாம். பெட்டியில் அடங்கவில்லை, பார்க்கலாம்.